மஞ்சக்கெணத்து மருமக

மூஞ்சைத் தூக்கி வச்சிக்காதீங்க சம்பந்தி. உங்க பொண்ணை யாரும் வாசல்ல நிறுத்தி அவமானப்படுத்தல. ஆரத்தித் தட்டு கரைச்சி வச்சாச்சு, உள்ள வெளக்கும் ஏத்தியாச்சு. ஆனா மொரசம்பாறைக்கு மருமகளா வர்ற எந்தப் பொண்ணும் நேரா வூட்டுக்குள்ள போறதில்ல. மொதல்ல ஓடையில இருக்குற ஊத்துக்கெணத்துக்குப் போவணும். கீழத்தெரு பொம்பள ஒருத்தியோட சேர்ந்து ஒரே கயித்தைப் புடிச்சி ஒரு கொடம் தண்ணி எறைக்கணும். அதுல கொஞ்சம் எடுத்து செவப்பு மருந்து சொட்டணும். செவப்பு செவப்பாவே நின்னாத்தான் கொடம் வூட்டுக்குள்ள போவும், கொடத்துக்குப் பின்னால பொண்ணு போவும். கீழத்தெருவுலருந்து ஆளு வர்ற வரைக்கும் நேரம் கெடக்கு. எதுக்கு இந்த வழக்கம்னு நான் சொல்றேன், கேளுங்க. குறுக்கால மட்டும் பேசாதீங்க, எனக்குக் கதை அறுந்துபோவும்.

தருமபுரி தனி ஜில்லாவா பிரியாத காலம். மழை பேஞ்சா ஏரி, பேயலன்னா வெறும் பள்ளம்னு இருந்த காலம். அந்தக் காலத்துல இந்த மொரசம்பாறையில மாதையன்னு ஒருத்தர் இருந்தாராம். ஊரு பேருலயே பாறை இருக்கு, தண்ணிக்கு எங்க போறது. மேலத்தெருவுல கெணறே கெடையாது. பொம்பளைங்க கரட்டு மேட்டைச் சுத்திக்கிட்டு ஏரிக்குப் போயி, தலையில ஒண்ணு இடுப்புல ஒண்ணுன்னு தூக்கியாருவாங்களாம். மாதையன் பொண்டாட்டி பேரு தாயம்மா. நெறமாச வயித்தோட தண்ணிக்குப் போனவ, வர்ற வழியில கொடத்தோட சரிஞ்சிட்டா. ஆளும் வூடு வந்து சேரல, வயித்துல இருந்ததும் சேரல.

ரெண்டு ஆம்பளப் புள்ளைங்களை வச்சிக்கிட்டு மாதையன் ஒரு பொட்டு கண்ணீர் வுடலையாம். காரியம் முடிஞ்ச கையோட கடப்பாறையத் தூக்கிக்கிட்டுப் போனாரு. வூட்டுக்குப் பின்னால பாறையில போட்டாரு ஒரு போடு.

"பித்து புடிச்சிடுச்சா மாதையா, பாறையில ஏது தண்ணி?"ன்னு ஊரு கேட்டுச்சாம்.

"இனிமே எம்வூட்டுப் பொம்பள தண்ணிக்குன்னு வாசப்படி தாண்டக்கூடாது"ன்னாராம். 

தோண்டுனாரு. மழையில தோண்டுனாரு, வெயில்ல தோண்டுனாரு. வெடி வச்சித் தோண்டுனாரு. புள்ளைங்க தாடி மொளைக்கிற வயசுக்கு வந்துட்டாங்க, மனுசன் தோண்டிக்கிட்டே இருந்தாரு. கடைசியில அடிப்பாறை பொளந்து தண்ணி வந்துச்சாம் பாருங்க, கண்ணாடி மாதிரி தண்ணி. நாக்குல வச்சா இனிக்குமாம். அதுல தொவரம்பருப்பைப் போட்டா பூவா வெந்துச்சாம். இந்தப் பக்கத்துல தண்ணி நல்லதா கெட்டதான்னு பாக்க அப்போ வேற சோதனையே கெடையாது. பருப்பு வெந்தா நல்ல தண்ணி, வேவலன்னா கெட்ட தண்ணி. தாயம்மா கெணறுன்னு பேரு வச்சாரு. மேலத்தெரு மொத்தமும் வந்து எறைச்சிக்கிச்சு.

கீழத்தெரு சனங்களை மட்டும் வுடல. சொல்ல வெக்கமாத்தான் இருக்கு, ஆனா இதைச் சொல்லாம தாண்டுனா கதையே பொய்யாப்போவும். அவங்க தொட்டா தீட்டுன்னு அந்தக் காலத்துல ஒரு திமிரு. அவங்க என்ன பண்ணுவாங்க, ஓடை மணல்ல ஊத்து தோண்டி, சுத்திக் கல்லு அடுக்கி, அதுல எறைச்சிக் குடிச்சாங்க. அந்த ஊத்து மாதையன் கெணறு வர்றதுக்கு ரொம்ப முந்தியே இருந்தது. அந்தத் தண்ணியில பருப்பு லேசுல வேவாது. "கீழத்தெரு கொழம்புல பருப்பை எண்ணிப்புடலாம்"னு மேலத்தெரு சிரிக்குமாம்.

மாதையனுக்குப் பேரப்புள்ளைங்க பொறந்தாங்க. கொழந்தைக்கு மொதத் தண்ணிய அவரு கையாலதான் ஊத்தணும்னு ஒரு சடங்கு வச்சிக்கிட்டாரு. விடிய எந்திரிச்சிக் குளிச்சி, கெணத்துல மொதக் கொடத்தை எறைச்சி, வெள்ளிச் சங்குல ஊத்தி, "உங்க பாட்டி உசுரக் குடுத்து வாங்குன தண்ணி, குடி ராசா"ன்னு வாயில வெப்பாராம். ஊத்தும்போது மட்டும்தான் அவரு கண்ணு கலங்குமாம். மூத்த மவனோட புள்ளைங்க எல்லாருக்கும் அப்பிடித்தான் ஊத்துனாரு. பாசத்துல ஒரு கொறையும் சொல்ல முடியாது.

இளையவரு முனிரத்தினம், டவுனு பள்ளிக்கூடத்துல வாத்தியாரு. அவருக்கு வந்து வாச்சவதான் அம்சவேணி. சேலத்துப் பொண்ணு. மெட்ராசுல ரசாயனம் படிச்சிட்டு, அங்கயே தண்ணி சோதிக்கிற ஆய்வுக்கூடத்துல வேலை பாத்தவ. ஊரூரா இருந்து சீசாவுல தண்ணி வருமாம், இதுல என்ன உப்பு, இதைக் குடிக்கலாமா கூடாதான்னு இவ பாத்துச் சொல்லணுமாம். அப்பன் இல்லாத வூடு. தம்பிங்களை இவதான் சம்பாதிச்சிப் படிக்க வச்சா. அவனுங்க காலூனின பொறவுதான் கழுத்தை நீட்டுனா. அதுக்குள்ள வயசு கொஞ்சம் ஏறிப்போச்சு. முனிரத்தினம் வாத்தியாரும் படிச்ச பொண்ணுதான் வேணும்னு முரண்டு புடிச்சி ஒக்காந்திருந்தவரு. ஈடுக்கு ஈடா முடிஞ்சிருச்சு.

ஊரு சும்மா இருக்குமா. "மருந்து கலக்குறவளாமே, மாமனாரு பாத்துத்தான் சோறு தின்னணும்"னு பேசிச்சாம். ஓரகத்தி நாகம்மா, மூத்த மவனோட சம்சாரம், அவளும் கொஞ்ச நாள் இவளை அடுப்பாண்ட வுடல. அம்சவேணி அதையெல்லாம் காதுல போட்டுக்கல. வந்த அன்னைக்கே அவ கண்ணு வேற ஒண்ணுல போயி நின்னுச்சாம்.

மாமனாரு பல்லு வெள்ளை. புருசன் பல்லு வெள்ளை. புருசனோட அண்ணன் பல்லு வெள்ளை. அந்த வூட்டுக் கொழந்தைங்க பல்லு மட்டும் பழுப்பு, வரி வரியா, வெத்தல போட்டுக் கழுவாத மாதிரி. தெருவுல பாத்தா அங்கயும் அப்பிடித்தான். பொட்டப்புள்ளைங்க சிரிக்கும்போது கையால வாயைப் பொத்திக்குமாம்.

"என்னக்கா இது, எல்லாக் கொழந்தைக்கும் ஒரே மாதிரி?"ன்னு நாகம்மாவைக் கேட்டாளாம்.

"அது மொரசம்பாறை பல்லு. எங்க ஊரு அடையாளம் அது. ஒனக்கு எதுக்கு எங்க பல்லைப் பத்தின வெசாரணை?"ன்னாளாம் நாகம்மா.

பல்லோட போயிருந்தா சரின்னு வுட்டிருக்கலாம். மூத்த பேத்தி பச்சியம்மா. கொழந்தையில ஓடுன புள்ள, வளர வளர முட்டி ரெண்டும் உள்ளுக்கு வளைஞ்சி ஒண்ணோட ஒண்ணு ஒரச ஆரம்பிச்சிருச்சு. நொண்டி நொண்டித்தான் நடக்கும். பாறைக்கு வெடி வச்சதுல முனியப்பன் கோவிச்சிக்கிட்டாருன்னு குறி சொன்னாங்களாம். மாதையன் கெடா வெட்டிப் பொங்கல் வச்சாரு. சாபம் வாங்குன கொழந்தைன்னு அதுக்கு ஒரு பேரு ஆயிருச்சு. விசேச வூட்டுல முன்னால நிக்க வுடமாட்டாங்க.

அந்தப் புள்ள அம்சவேணி கிட்ட ஒட்டிக்கிச்சு. ஒரு நாள் தலை வாரிவுடும்போது கேட்டுச்சாம்: "சித்தி, உங்க மெட்ராசுல காலை நேராக்குற மருந்து இருக்கா?"

அம்சவேணிக்குச் சீப்பு ஓடலையாம். "தெரியல கண்ணு. பாக்குறேன்"ன்னாளாம். பாக்குறேன்னு சொன்னா பாக்காம வுடுறவ இல்ல அவ.

அப்புறம் கடலக்கா புடுங்குற காலம் வந்துச்சு. கீழத்தெருவுலருந்து பூவாயின்னு ஒருத்தி புள்ளைங்களோட வேலைக்கு வந்தா. அதுங்க வரப்பு மேல ஓடுது, குதிக்குது, வாயைப் பொத்தாம சிரிக்குது. பல்லு பச்சரிசி மாதிரி இருக்கு. கால் எல்லாம் நேரா இருக்கு. அம்சவேணிக்கு அப்போ வயித்துல புள்ள. வயித்தைப் புடிச்சிக்கிட்டு வரப்புலயே ஒக்காந்துட்டாளாம்.

"பூவாயி, நீங்க எந்தத் தண்ணி குடிக்கிறீங்க?"ன்னு கேட்டாளாம்.

பூவாயி நிமிரவே இல்லையாம். "எந்தத் தண்ணி குடிப்போம். உங்க கெணத்துலதான் எங்களைத் தொட வுடமாட்டீங்களே. ஓடைத் தண்ணிதான். பருப்புகூட வேவாத தண்ணி"ன்னாளாம்.

அவ குத்தித்தான் சொன்னா. குத்துனது வேற எடத்துல போயி வெளங்குச்சு. கெணறு வர்றதுக்கு முந்திப் பொறந்தவங்க பல்லு வெள்ளை. வந்ததுக்கு அப்புறம் பொறந்தது பழுப்பு. கெணத்தைத் தொடாத தெருவுல எல்லாம் வெள்ளை. 

பேறுகாலத்துக்குத் தாய்வூடு போனாள்ல, பொட்டிக்குள்ள புடவையோட ரெண்டு சீசா தண்ணியும் வச்சிக்கிட்டா. ஒண்ணு தாயம்மா கெணத்துத் தண்ணி, ஒண்ணு ஓடை ஊத்துத் தண்ணி. ஆம்பளப் புள்ள பொறந்துச்சு. ஒடம்பு தேறுனதும் தாய்க்காரி தடுக்கத் தடுக்க, கைக்கொழந்தையோட ரயிலேறி மெட்ராசுக்குப் போயி, பழைய ஆய்வுக்கூடத்துல நின்னாளாம். அங்க ஒரு செவப்பு மருந்து உண்டு. குடிக்கிற மருந்து இல்ல, பாக்குற மருந்து. சில பாறையில ஒரு உப்பு இருக்குமாம், ஃபுளோரைடுன்னு பேரு. கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. அது கூடிப்போன தண்ணியில அந்தச் செவப்பைச் சொட்டுனா, செவப்பு செத்து மஞ்சளாப் போயிருமாம். வளர்ற கொழந்தை வருசக்கணக்குல அதைக் குடிச்சா மொதல்ல பல்லைப் புடிக்கும், பொறவு எலும்பைப் புடிக்கும்.

ஊத்துத் தண்ணியில சொட்டுனா. செவப்பு செவப்பாவே நின்னுச்சு. தாயம்மா கெணத்துத் தண்ணியில சொட்டுனா. மஞ்சளாச்சு. மறுபடி சொட்டுனா, மறுபடி மஞ்சளாச்சு. அங்கயே நின்னு அழுதாளாம். வளைஞ்ச காலை நிமுத்த மருந்து உண்டான்னு பெரிய டாக்டருங்களைக் கேட்டா. இல்லைன்னுட்டாங்க. வளையாமப் பாத்துக்கத்தான் வழி இருக்கு, தண்ணிய மாத்துறதுன்னாங்க.

ஊருக்குத் திரும்பி வந்தா. இன்னும் கொஞ்ச நாள்ல மாமனாரு கொழந்தைக்குச் சங்கு ஊத்துவாரு. புருசன் கிட்ட எல்லாத்தையும் சொன்னா. முனிரத்தினம் வாத்தியாரு தலையில கையை வச்சிக்கிட்டாராம்.

"அம்சா, எங்கம்மா பேரு வச்ச கெணறு அது. அது வெசம்னு சொன்னா எங்கப்பா அன்னைக்கே செத்துருவாரு. நான் ஒண்ணு சொல்றேன் கேளு. டவுனுல வூடு பாத்துக்கலாம். நம்ம கொழந்தைய அங்க வச்சி வளத்துக்கலாம். யாருக்கும் ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

"பச்சியம்மாவை?"

"அதுக்கு அண்ணன் இருக்காரு. தாயும் புள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறன்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க."

அம்சவேணி புருசனை ஏறிட்டுப் பாத்தாளாம். "வாயும் வயிறும் வேறதாங்க. தண்ணி ஒண்ணுதானே. என் தம்பிங்களை வளக்கும்போது ஒருத்தன் தட்டுல சோறு போட்டு இன்னொருத்தன் தட்டைக் காலியா வச்சிப் பழக்கமில்ல எனக்கு. நம்ம புள்ள நேரா நடந்து, பச்சியம்மாவோட தங்கச்சி தம்பியெல்லாம் நொண்டுனா, அந்த வூட்டுக்கு நான் என்ன மருமக? மாமா செத்துருவாருன்னு சொல்றீங்க. சாவமாட்டாரு. பாறையைப் பொளந்த மனுசன். தாங்குவாரு"ன்னாளாம்.

சடங்கு நாளும் வந்துச்சு. தெரு முழுக்கக் கூடிருச்சு. மாதையன் குளிச்சி, புது வேட்டி கட்டி, மொதக் கொடம் எறைச்சி, சங்கை ரொப்பிக்கிட்டு வந்து ஒக்காந்தாரு. "எம் பேரனைக் குடு தாயி"ன்னு கையை நீட்டுனாராம்.

அம்சவேணி கொழந்தைய நெஞ்சோட அணைச்சிக்கிட்டா. "மாமா, இந்தத் தண்ணி வேண்டாம் மாமா"ன்னாளாம்.

 அவ கொழந்தைய வாத்தியாரு கையில குடுத்துட்டு, ரெண்டு கண்ணாடி கிளாசைக் கொண்டாந்து வச்சா. ஒண்ணுல மாமனாரு கொடத்துத் தண்ணி, ஒண்ணுல ஊத்துத் தண்ணி. "எல்லாரும் பாருங்க"ன்னு ரெண்டுலயும் செவப்பைச் சொட்டுனா. பாத்துக்கிட்டே இருக்கும்போது ஊத்துத் தண்ணி செவப்பா நிக்குது, கெணத்துத் தண்ணி மஞ்சளா மாறுது. ஒவ்வொண்ணா எடுத்துச் சொன்னா, பல்லு ஏன் பழுப்பு, காலு ஏன் வளையுதுன்னு. 

மாதையன் எந்திரிச்சாரு. "நீ வேற எதையோ கலந்துட்ட. குடு, நான் ஊத்துறேன்"ன்னு கிளாசைப் புடுங்கி, தானே கெணத்தாண்ட போயி, தானே எறைச்சி, தானே சொட்டுனாரு. மஞ்சளாத்தான் போச்சு.

"எம் பொண்டாட்டி உசுரும்மா இது. இதைப் போயி வெசங்கறியே"ன்னாராம். பேசிக்கிட்டே சங்குல இருந்த தண்ணியத் தானே குடிச்சாரு. கொடத்தைத் தூக்கி அதையும் மடமடன்னு குடிச்சாரு. "நான் குடிக்கிறேன் பாரு, எனக்கு என்ன ஆவுது? இந்தத் தண்ணி குடிக்காதவங்க எம்வூட்டுல கை நனைக்க வேண்டாம்"னுட்டு உள்ள போயிட்டாரு. சனம் கலைஞ்சிருச்சு. ஆக்கி வச்ச விருந்துல ஒரு பருக்கை போவலையாம்.

மறுநாளு விடிஞ்சதும் அம்சவேணி ஒரு கொடத்தை எடுத்து இடுப்புல வச்சிக்கிட்டு வாசப்படி தாண்டுனா. தண்ணிக்குன்னு எந்தப் பொம்பள அந்த வாசப்படியத் தாண்டக்கூடாதுன்னு மனுசன் பாறையைப் பொளந்தாரோ, அதே வாசப்படி. மேலத்தெருக்காரி கீழத்தெரு ஊத்துக்குப் போறான்னு ஊரே எட்டிப் பாத்துச்சாம். ஊத்தாண்ட பூவாயி நின்னா. அம்சவேணி கொடத்தை நீட்டுனா.

"கொடத்தை நீட்டாத. நாங்க ஊத்த, நீ தள்ளி நின்னு வாங்கிக்கிட்டுப் போறதுக்கா வந்த? வேணும்னா எறங்கி வந்து எங்க கயித்தைப் புடி"ன்னாளாம் பூவாயி.

அம்சவேணி எறங்குனா. கயித்தைப் புடிச்சா. கை பழக்கமில்ல, உள்ளங்கை தோலு உரிஞ்சி போச்சாம். எறைச்சா, தூக்கியாந்தா. அடுத்த நாளும் போனா, அதுக்கு அடுத்த நாளும் போனா. மாமனாரு பேசல, அவ சமைச்சதைத் தொடல. தெருவுல ஜாதி கெட்டவன்னாங்க. மழையில போனா, வெயில்ல போனா. மாமனாரு எப்பிடித் தோண்டுனாரோ அப்பிடி இவ சொமந்தா. ரெண்டு பேரும் ஒரே அச்சுதான், அதை அவங்க ரெண்டு பேருந்தான் ஒத்துக்கல.

மொதல்ல எளகுனவ நாகம்மா. ஒரு நாள் அம்சவேணி கொடத்தை எறக்கும்போது, உரிஞ்ச கையைப் புடிச்சிப் பாத்தாளாம். "எம் புள்ளைங்களுக்கும் சேத்தாடி சொமக்குற? இத்தனை தண்ணி ஒத்தக் கொழந்தைக்கு எதுக்குன்னு இருந்தேன்"ன்னு வெளக்கெண்ணெயைப் பூசிவுட்டு, மறுநாளு தானும் ஒரு கொடத்தை எடுத்துக்கிட்டா. வூட்டுக்குள்ள ரெண்டு மருமவளும் ஒரு பக்கம், மாதையன் ஒத்தையில ஒரு பக்கம். மனுசன் கல்லுப் புள்ளையாரு மாதிரி ஒக்காந்திருந்தாராம்.

அவரை அசைச்சது அம்சவேணி இல்ல, பச்சியம்மா. நொண்டிக்கிட்டே போயி தாத்தாவாண்ட ஒக்காந்துச்சாம்.

"தாத்தா, சித்தி சொல்றது நெசமா இருந்தா நல்லாருக்கும் தாத்தா."

"ஏங் கண்ணு அப்பிடிச் சொல்ற?"

"நெசமா இருந்தா எனக்குச் சாபம் இல்லைதானே. வெறும் தண்ணிதானே. முனியப்பன் எம்மேல கோவமா இல்லைதானே."

மாதையன் கொழந்தை காலைத் தன் மடியில எடுத்து வச்சிக்கிட்டு, அந்த வளைஞ்ச முட்டியைத் தடவிக்கிட்டே இருந்தாராம். பொண்டாட்டி செத்தப்போ அழாத மனுசன் அன்னைக்குக் கொரலெடுத்து அழுதாராம். "நானே ஊத்துனேனே, எங் கையால ஊத்துனேனே"ன்னு அழுதாராம். "நீங்க ஆசையாத்தானே தாத்தா ஊத்துனீங்க. தம்பிக்கும் ஆசையா ஊத்துங்க, வேற தண்ணிய ஊத்துங்க"ன்னுச்சாம் அந்தப் புள்ள.

எந்திரிச்சாரு. துண்டை ஒதறித் தோள்ல போட்டாரு. கொடத்தை எடுத்தாரு. பட்டப்பகல்ல, ஊரே பாக்க, நடுத்தெருவுல நடந்து ஓடையில எறங்குனாரு. பின்னால அம்சவேணி கொழந்தையோட ஓடுனா. ஊத்தைச் சுத்தி கீழத்தெரு சனம் நிக்குது, முன்னால பூவாயி நிக்கிறா.

"எம் பேரனுக்குத் தண்ணி வேணும்"னாராம் மாதையன்.

பூவாயி இடுப்புல கையை வச்சிக்கிட்டா. "தண்ணி இருக்கு. ஆனா ஒண்ணு சொல்லாம குடுக்கமாட்டேன், கேட்டுக்கங்க. உங்க தாயம்மா ஏரிக்குப் போற வழி இதோ, இந்த ஊத்தாண்டதான் போவுது. நெறமாச வயித்தோட தெனமும் இதைத் தாண்டித்தான் போவும். எங்கம்மா ஒரு நாள் மனசு கேக்காம, 'இங்க எறைச்சிக்க தாயி, அவ்வளவு தூரம் போவாத'ன்னு சொல்லிச்சு. தாயம்மா நின்னு இந்தத் தண்ணியப் பாத்துச்சு. 'அவருக்குத் தெரிஞ்சா வூட்டுல சேக்கமாட்டாரு'ன்னு சொல்லிட்டு நடந்துச்சு. அன்னைக்குத்தான் சரிஞ்சிச்சு."

சொல்லிட்டு அவளும் கண்ணைத் தொடைச்சிக்கிட்டாளாம். மாதையன் அப்பிடியே மணல்ல ஒக்காந்துட்டாராம். இத்தனை வருசம் பாறையைக் கொன்னுக்கிட்டு இருந்தாரு, தாயம்மாவைக் கொன்னது பாறை இல்லைன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சிது.  தலையைத் தூக்கி, "பூவாயி, நான் பண்ணது தப்பு. என்னை மன்னிச்சாலும் சரி, மன்னிக்காட்டியும் சரி. எந்தக் கயித்தைப் புடிக்கணும், சொல்லு"ன்னு கேட்டாராம்.

"ஒரு கயிறுதான் இருக்கு. நானும் புடிச்சிக்கிட்டுத்தான் இருப்பேன்"ன்னாளாம் பூவாயி.

ரெண்டு பேரும் சேந்து ஒரு கொடம் எறைச்சாங்க. அம்சவேணி கொஞ்சமா மொண்டு செவப்பைச் சொட்டுனா. செவப்பு செவப்பாவே நின்னுச்சு. அந்த மணல்லயே மாதையன் பேரனை மடியில போட்டு, சங்குல ஊத்துனாரு. அப்பவும் பாட்டி பேரைச் சொல்லித்தான் ஊத்துனாராம். அதைக் கேட்ட அம்சவேணி நின்ன எடத்துலயே குனிஞ்சி மாமனாரு காலைத் தொட்டாளாம்.

அந்தக் கொழந்தை யாருன்னு கேக்குறீங்களா? அதோ, பந்தியில நின்னு எல்லாரையும் வெரட்டிக்கிட்டு, பல்லு தெரியச் சிரிக்கிறாரு பாருங்க, சிகாமணி மாமா. மாப்ளையோட தாத்தா.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாச் சொல்லிடுறேன், அந்தாண்ட தப்பு மேளச் சத்தம் கிட்ட வருது. வெளியூரு ஆளுங்க தெரியாம அந்தக் கெணத்துல குடிச்சிடக் கூடாதுன்னு, மாதையன் தாயம்மா கெணத்துச் சுவரு முழுக்கத் தன் கையால மஞ்சப் பூசுனாரு. மஞ்ச மாறுன தண்ணிக்கு மஞ்சச் சுவரு. அதான் மஞ்சக்கெணறு, நீங்க வரும்போது வூட்டுக்குப் பின்னால பாத்திருப்பீங்க. அது வயலுக்கு மட்டும் பாயும், வாய்க்கு ஏறாது. தை பொறந்தா இந்த வூட்டு மருமகதான் அதுக்கு மஞ்ச அடிக்கணும். அம்சவேணி டவுனுல இருந்த காலேசுல ரசாயனம் சொல்லிக்குடுக்கப் போனா. சாவுற வரைக்கும் இந்தப் பக்கத்துல எவன் புதுக் கெணறு வெட்டுனாலும், தேங்கா ஒடைக்கிறதுக்கு முந்தி அவளைக் கூப்புட்டு மருந்து சொட்டச் சொல்லுவாங்க. இப்போ அந்த மருந்து பஞ்சாயத்துலயே பொட்டியில வருது, ஆனா எங்களுக்கு இன்னும் அது அம்சவேணி சொட்டுதான். எல்லாரும் ஒடனே திருந்திடல, அதையும் சொல்லிடணும். மேலத்தெருவுல சில வூடு ரொம்ப வருசம் மஞ்சத் தண்ணியக் குடிச்சித்தான் வீம்பு காட்டுச்சு. அந்த வூட்டுப் புள்ளைங்க பல்லு பழுக்கப் பழுக்கத்தான் ஒண்ணொண்ணா ஓடைக்கு எறங்குனாங்க.

பச்சியம்மா காலு நேராவல. டாக்டருங்க சொன்னதுதான், அதுக்கு மருந்து இல்ல. ஆனா அதுக்குப் பொறவு விசேச வூட்டுல அவ முன்னாலதான் நின்னா. இந்தக் கொட வழக்கம் ஆரம்பிச்சதே அவ கல்யாணத்துலதான். உள்ளூருலயே வாக்கப்பட்டவ, பூவாயியும் அவளும் சேந்துதான் மொதக் கயிறு இழுத்தாங்க. அம்சவேணி பக்கத்துல நின்னு சொட்டு போட்டா.

அவ எங்கம்மா. தெரியாதா உங்களுக்கு, நான் பச்சியம்மா மவ. கல்யாணத்துக்கு முந்தி எங்கம்மா சித்தி கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாளாம், "என் வயித்துல பொறக்குறது ஓடுமா சித்தி?"ன்னு. "ஓடும்டி. நீ ஊத்துத் தண்ணிய வுடாம குடி"ன்னாளாம் அம்சவேணி. நான் பொறந்து நடக்கப் பழகுன அன்னைக்கு, அந்தப் பெரிய படிப்புக்காரி தரையில படுத்துக்கிட்டு என் முட்டியையே பாத்துக்கிட்டு இருந்தாளாம். இதோ பாருங்க என் காலை. கூச்சமென்ன, நல்லா பாருங்க. இந்த வயசுலயும் கரடு ஏறி எறங்குவேன்.

சரி, கீழத்தெருவுலருந்து ஆளு வந்தாச்சு. முன்னால வர்றா பாருங்க, பூவாயியோட பேத்தி, பஞ்சாயத்துத் தலைவி. எந்திரி தாயி, பட்டுப்பொடவ நனையுதேன்னு பாக்காத. போயி கயித்தைப் புடி.